தகரமா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா? உங்கள் சைக்கிளுக்கு எந்த மட்கார்டு சரி?

அக்டோபர் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் சைக்கிள் ஓட்டுகிற பலரின் முதுகில் ஒரு கோடு விழும். கழுத்திலிருந்து இடுப்பு வரை நேராக இறங்கும் சேற்றுக்கோடு அது. பள்ளிக்கூடச் சீருடை வெள்ளையாக இருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். அன்று மாலை வீட்டில் அம்மாவிடம் திட்டு நிச்சயம்.

ஒரு காலத்தில் இந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை. வீட்டில் நின்ற கறுப்பு சைக்கிளில் முன்னும் பின்னும் முழு நீளத் தகர மட்கார்டு இருந்தது. இன்று கடைக்குப் போனால், கியர் சைக்கிள்களில் பலவற்றுக்கு மட்கார்டே கிடையாது. சிலவற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு மட்டும் சீட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். மட்கார்டோடு வந்த வண்டியிலும் 'ஸ்டைலா இருக்கும்' என்று அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள் பிள்ளைகள். மழை வந்த பிறகுதான் அது எங்கே என்று தேடுவார்கள்.

அப்படித் தேடிப்போய் புதிதாக ஒன்று வாங்கப் போகிறவர்களுக்குத்தான் இந்த வாரக் கேள்வி. எதில் செய்த மட்கார்டை வாங்குவது?

சட்டை மட்டும் அல்ல விஷயம்

சட்டைக் கறையைத் துவைத்துவிடலாம். மட்கார்டு இல்லாததால் வரும் மற்ற பிரச்னைகள் அவ்வளவு சுலபமாகப் போகாது.

சுற்றுகிற டயர் தண்ணீரை வாரிக்கொண்டு மேலே போகும். அங்கிருந்து அது பிய்த்துக்கொண்டு தெறிக்கும். பின்சக்கரத்துத் தண்ணீர் ஓட்டுபவரின் முதுகுக்குப் போகிறது. முன்சக்கரத்தின் உச்சியிலிருந்து கிளம்பும் தண்ணீர் முன்னால் பறக்கிறது. ஓட்டுபவரே அதற்குள் போய் முகத்தைக் கொடுக்கிறார். முன்சக்கரத்தின் பின்பக்க அடியிலிருந்து தெறிப்பது பாதத்தின் மீதும், செயின் மீதும், பெடல் சுற்றுகிற அச்சின் மீதும் விழுகிறது.

தண்ணீரோடு மணலும் சேர்ந்தே போகிறது. எண்ணெய் தடவிய செயினில் மணல் ஒட்டினால், அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மழைக்காலம் முடிந்ததும் செயின் நீண்டு, பல் தேய்ந்து, பெடலை மிதிக்கும்போது 'கரக் கரக்' என்று சத்தம் வருவதற்கு இது முக்கியமான காரணம். மட்கார்டுக்குச் செலவழிக்காத காசை செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் செலவழிக்க வேண்டி வரும்.

அடுத்தது உடம்பு. தெருவில் தேங்கிய தண்ணீர் வெறும் மழைத்தண்ணீர் அல்ல. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வருவதுதான் எலிக்காய்ச்சல். அந்தக் கிருமி காலில் உள்ள சிறு காயம் வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் உள்ளே போகக்கூடியது. மட்கார்டு நோயைத் தடுக்கும் மருந்து கிடையாது. ஆனால், முகத்திலும் காலிலும் சாக்கடைத் தண்ணீர் தெறிப்பதைக் குறைக்கும் எளிய பொருள் அது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய வண்டிகளில் பின் மட்கார்டின் வால்பகுதியில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன் மேல் சிவப்பு ரிஃப்ளெக்டர் வைத்திருப்பார்கள். இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் முதலில் படுவது அதுதான். மட்கார்டைக் கழற்றினால் அதுவும் சேர்ந்து போய்விடுகிறது.

எது கெடாது என்று கேட்காதீர்கள்

கடையில் எல்லோரும் கேட்கிற கேள்வி, 'எது ரொம்ப நாள் உழைக்கும்?' என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். 'இது எப்படிக் கெடும்?'

ஏனென்றால் கெடாத மட்கார்டு என்று எதுவும் இல்லை. தகரம் துருப்பிடிக்கும். அலுமினியம் விரிசல் விடும். பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும். எவர்சில்வர் பர்ஸைக் காலி செய்யும். நீங்கள் இருக்கும் ஊர், ஓட்டும் சாலை, பக்கத்தில் உள்ள சைக்கிள் கடை, இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், எந்தக் கேட்டை உங்களால் சமாளிக்க முடியும் என்பது தெரிந்துவிடும். அதற்கேற்ற பொருளை வாங்கினால் போதும்.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தகரம்: நசுங்கும், ஆனால் நிமிரும்

நாம் தகரம் என்று சொல்வது பெயின்ட் அடித்த அல்லது குரோமியம் பூசிய இரும்புத் தகடு. வண்டி சுவரில் இடித்து மட்கார்டு நசுங்கினாலும், சைக்கிள் கடைக்காரர் சுத்தியலால் நாலு தட்டு தட்டி நேராக்கிவிடுவார். கம்பி விட்டுப்போனால் வெல்டிங் பட்டறையில் ஒட்டவைக்கலாம். புதிதாக ரிவிட் அடிக்கலாம். எந்தச் சின்ன ஊரிலும் பழுது பார்க்க முடிகிற ஒரே பொருள் இதுதான் என்று சொல்லலாம். 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் போன்ற தினசரி உழைப்பு வண்டிகளுக்குத் தகரம் ஒத்துப்போவது இதனால்தான்.

குறை இரண்டு. ஒன்று கனம். ஒரே அளவு, ஒரே தடிமன் உள்ள தகட்டை எடுத்தால் இரும்பு அலுமினியத்தைப்போல் கிட்டத்தட்ட 3 மடங்கு எடை இருக்கும். தட்டையான ஊரில் இது பெரிய விஷயம் இல்லை. மாடிப்படியில் தூக்கிப் போகிறவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது துரு. அது வெளியே தெரிகிற பக்கத்தில் ஆரம்பிக்காது. டயரிலிருந்து தெறிக்கும் மணல் உள்பக்கத்துப் பெயின்ட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். அங்கே ஈரச் சேறு ஒட்டிக்கொள்ளும். மடித்துவிட்ட ஓரத்திலும், ரிவிட் அடித்த இடத்திலும் தண்ணீர் தங்கும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகரம் காகிதம் போல மெலிந்திருக்கும். கடைசியில் ஒருநாள் கம்பி பிடித்திருக்கும் இடத்தில் கையோடு வந்துவிடும்.

இதைத் தள்ளிப்போட ஒரு வழி உண்டு. புதிதாக வாங்கியதும் மாட்டுவதற்கு முன்பே உள்பக்கத்தில் ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அதன்மேல் எனாமல் பெயின்ட் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். வெளிப்பக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. காப்பாற்ற வேண்டியது உள்பக்கத்தைத்தான்.

அலுமினியம்: துரு இல்லை, விரிசல் உண்டு

அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிராது. காற்று பட்டதும் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதுவே கவசமாகிவிடும். எடையும் குறைவு. ஜப்பானிலும் பிரான்சிலும் நெடுந்தூரம் ஓட்டுகிற சைக்கிள்காரர்கள் அலுமினிய மட்கார்டைப் பல காலமாக விரும்பிப் போடுகிறார்கள். சுத்தியலால் தட்டிய பித்தளைப் பாத்திரம் மாதிரி சிறு சிறு குழிகள் கொண்ட ஜப்பானிய மட்கார்டுகள் பார்க்கவே அழகாக இருக்கும்.

ஆனால் அலுமினியத்துக்கு ஆட்டம் ஆகாது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் உடைவது போல, குண்டும் குழியுமான சாலையில் அதிர்ந்து அதிர்ந்து இந்தத் தகடு களைத்துப்போகும். போல்ட் போட்ட ஓட்டையில் முடி அளவு விரிசல் தோன்றும். பிறகு அது நீளும். அந்த விரிசலைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒட்டுவது கஷ்டம். மெல்லிய அலுமினியத் தகடு சூடு தாங்காமல் ஓட்டை விழுந்துவிடும்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை. உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பு போல்ட்டும் நேராக ஒட்டிக்கொண்டிருந்தால், போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். வெள்ளைப் பொடி மாதிரி வருவது அதனால்தான். இரண்டுக்கும் நடுவில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் போட்டால் அரிப்பும் குறையும், அதிர்வும் குறையும்.

நல்ல சாலை, உள்நாட்டு ஊர், வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம், இந்த மூன்றும் இருப்பவர்களுக்கு அலுமினியம் சரி.

எவர்சில்வர்: விலை கூடினாலும் வேலை குறைவு

சமையலறைப் பாத்திரம் செய்கிற அதே எவர்சில்வரில் மட்கார்டும் வருகிறது. அலுமினியத்தைவிட உறுதி. ஆட்டத்தையும் நன்றாகத் தாங்கும். பெயின்ட் வேண்டாம். இரும்புக்கு நிகரான எடை இருந்தாலும், தகட்டை மெல்லியதாகச் செய்வதால் கனம் ஓரளவு சமாளிக்கப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ரகம். 304 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவிகிதமும் நிக்கல் சுமார் 8 சதவிகிதமும் இருக்கும். விலை குறைந்த 200 வரிசை ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். அவை சீக்கிரம் புள்ளி விடும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிவிட முடியாது. 200 வரிசையிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ஆகவே ரகம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே வழி.

304 ரகம்கூட கடற்கரைக்குப் பக்கத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு நிறம் காட்டலாம். அது பெரும்பாலும் மேலோட்டமான கறைதான். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் குறையும்.

விலைதான் பெரிய தடை. எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்காது. பத்து வருஷம் அதே சைக்கிளை வைத்திருக்கப் போகிறவர் யோசிக்கலாம். இரண்டு வருஷத்தில் வண்டியை மாற்றப் போகிறவருக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக்: எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல

இன்று கடைகளில் அதிகம் தொங்குவது பிளாஸ்டிக்தான். துருவே கிடையாது, எடை குறைவு, விலை குறைவு, சத்தமும் குறைவு. குழந்தைகளின் வண்டிக்கு இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. நசுங்கிய தகரத்தின் ஓரம் விரலைக் கிழிக்கும். பிளாஸ்டிக்கில் அந்தப் பயம் குறைவு.

ஆனால் 'பிளாஸ்டிக்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் இதில் குணம் வேறு வேறு. முக்கியமாக இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது பாலிப்ரொப்பிலீன். ஷாம்பு பாட்டிலின் மடக்கு மூடியை எத்தனை நூறு தடவை திறந்து மூடினாலும் உடையாமல் இருக்கிறதல்லவா, அது இந்தப் பிளாஸ்டிக்தான். வளையும், பழைய நிலைக்குத் திரும்பும். சைக்கிள் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி மேலே சாய்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். குறை என்னவென்றால், கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். கம்பிகள் சரியாகப் பிடிக்காவிட்டால் ஆடி டயரில் உரசும். இதன் மேல் பெயின்ட்டும் ஸ்டிக்கரும் சரியாக ஒட்டாது. அதனால் ரிஃப்ளெக்டரை ஒட்டாமல், திருகி மாட்டுவது நல்லது.

இரண்டாவது பாலிகார்பனேட். கார் முன்விளக்கின் கண்ணாடி போன்ற மூடி இதில்தான் செய்யப்படுகிறது. விறைப்பாக நிற்கும், பளபளப்பாக இருக்கும், அடியையும் தாங்கும். ஆனால் பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்றவை இதற்கு ஆகாது. செயினைச் சுத்தம் செய்கிற துணியாலேயே மட்கார்டையும் துடைத்தால், போல்ட்டைச் சுற்றி மெல்லிய விரிசல்கள் கிளம்பும். சோப்புத் தண்ணீர் மட்டுமே போதும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? உள்பக்கத்தில் முக்கோணக் குறிக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன். 7 என்பது 'மற்றவை' என்ற வகை, பாலிகார்பனேட் அதில் அடங்கும். குறி இல்லாவிட்டால், விளிம்பை லேசாக வளைத்துப் பாருங்கள். வளைக்கும் இடத்தில் வெள்ளையாகிப் பழைய நிலைக்குத் திரும்பாத மலிவுப் பிளாஸ்டிக்கை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிளாஸ்டிக்குக்கு மழை எதிரி அல்ல, வெயில்தான் எதிரி. மொட்டை மாடியில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் வாளி கைபட்டதும் நொறுங்குவதைப் பார்த்திருப்போம். சூரியனின் புற ஊதாக் கதிர் செய்கிற வேலை அது. கறுப்பு நிறம் இதற்கு நல்ல மருந்து. கறுப்பாக்கச் சேர்க்கும் கார்பன் தூள் அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கொள்ளும். அதனால் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டிக்குப் பிளாஸ்டிக் மட்கார்டு வாங்கினால், கலர் ஆசையை விட்டுவிட்டுக் கறுப்பையே எடுங்கள்.

நடுவில் ஒரு கலப்பு

பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தகட்டை வைத்துச் செய்யும் மட்கார்டுகளும் உண்டு. ஜெர்மானிய நிறுவனமான எஸ்.கே.எஸ். இந்த வகைக்குப் பெயர் பெற்றது. அலுமினியம் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் அதைத் தண்ணீரிலிருந்து காக்கும், சத்தத்தையும் அடக்கும். தினமும் அலுவலகம் போகிற ஹைப்ரிட் சைக்கிளுக்கு இது நல்ல பொருத்தம். வெட்டிய ஓரத்திலும், புதிதாகப் போட்ட ஓட்டையிலும் தண்ணீர் புகுந்தால் அடுக்குகள் பிரியக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூங்கில், மரம் ஆகியவற்றிலும் மட்கார்டு செய்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் வார்னிஷ் தேய்ந்தால் ஈரம் இழுத்து உப்பும், வெடிக்கும். மூன்று மாத மழையில் ஓட்டுகிற வண்டிக்கு அது ஏற்றதல்ல.

முன்சக்கரத்தில் விளையாடாதீர்கள்

எந்தப் பொருளாக இருந்தாலும், பின் மட்கார்டில் தவறு நடந்தால் பெரும்பாலும் சத்தத்தோடு போகும். முன் மட்கார்டில் நடந்தால் பல் போகும்.

இப்படித்தான் நடக்கிறது. சாலையில் கிடக்கும் குச்சி அல்லது ஜல்லி டயரில் ஒட்டி, மட்கார்டின் கீழ்முனை வழியாக உள்ளே ஏறும். இடைவெளி குறைவாக இருந்தால் அங்கேயே சிக்கும். சுற்றுகிற டயர் அதோடு மட்கார்டையும் சேர்த்து மேலே இழுக்கும். மட்கார்டு சுருண்டு ஃபோர்க்குக்குக் கீழே மடங்கும், கம்பிகள் வளையும், சக்கரம் நின்றுவிடும். ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார்.

இதைத் தவிர்க்க மூன்று விஷயங்கள்.

ஒன்று, இடைவெளி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சுற்றிலும் குறைந்தது 10 மி.மீ. இருக்கட்டும். சுண்டுவிரல் தாராளமாகப் போய் வர வேண்டும்.

இரண்டு, கழன்றுகொள்ளும் கிளிப். சில மட்கார்டுகளில் முன் கம்பியின் முனை பிளாஸ்டிக் கிளிப்பில் செருகியிருக்கும். ஏதாவது சிக்கினால் கம்பி 'டக்'கென்று கழன்று மட்கார்டு விலகிக்கொள்ளும், சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து குறையும். கிளிப் அடிக்கடி கழல்கிறது என்று கம்பியைச் சுற்றிக் கட்டிவைப்பது ஆபத்தை நாமே கூப்பிடுவதாகும்.

மூன்று, விரிசல் கண்ட முன் மட்கார்டை 'இந்த மழைக்கு ஓட்டிடலாம்' என்று வைத்திருக்காதீர்கள். அலுமினியத்தில் போல்ட் ஓட்டையையும், தகரத்தில் ரிவிட் இடத்தையும், பிளாஸ்டிக்கில் கம்பி செருகும் இடத்தையும் மாதம் ஒருமுறை பாருங்கள். மாற்ற முடியாவிட்டால் கழற்றி வைப்பதே மேல். உடைந்த மட்கார்டைவிட மட்கார்டு இல்லாத சக்கரம் பாதுகாப்பானது.

ஷாக் அப்சார்பர் உள்ள முன் ஃபோர்க் என்றால் இன்னொரு கவனம். பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலே வரும். முழு நீள மட்கார்டு சக்கரத்தோடு சேர்ந்து அசையும் கீழ்ப்பகுதியில்தான் பொருத்தப்பட வேண்டும். மேல்பகுதியில் பொருத்தினால் டயர் வந்து அதில் இடிக்கும். சின்ன வண்டிகளில், ஹேண்டிலைத் திருப்பும்போது பாதம் முன் மட்கார்டில் தட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அளவு தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்

'28 சைக்கிளுக்கு மட்கார்டு கொடுங்க' என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். பழைய கறுப்பு வண்டியின் 28 × 1½ டயர் உட்காரும் ரிம் 635 மி.மீ. இன்று 29 என்று விற்கும் எம்.டி.பி. சைக்கிளின் ரிம் 622 மி.மீ. தான். எண்ணில் பெரியது, ரிம்மில் சிறியது. 700 சி என்று சொல்லும் ஹைப்ரிட் சைக்கிளின் ரிம்மும் அதே 622 தான். 26 அங்குல எம்.டி.பி. என்றால் 559. 27.5 என்றால் 584.

டயரின் பக்கவாட்டில் 40-635, 35-622 என்று இரண்டு எண்கள் கோடு போட்டு எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் அளவு. அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மட்கார்டின் அகலம் டயரின் அகலத்தைவிட ஏறத்தாழ 10 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். 35 டயருக்கு 45 மட்கார்டு என்று வைத்துக்கொள்ளலாம். அகலம் குறைந்தால் பக்கவாட்டில் தெறிக்கும். எந்தப் பொருளில் வாங்கியும் பலன் இல்லை.

நீளமும் முக்கியம். முன் மட்கார்டு பின்பக்கமாக எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவுக்குப் பாதமும் செயினும் தப்பும். நீளம் போதவில்லை என்றால் கீழ்முனையில் ஒரு ரப்பர் துண்டைத் திருகி மாட்டலாம். பழைய டியூபை வெட்டினாலும் போதும். அது தரையில் உரசாமல் இருந்தால் சரி.

டிஸ்க் பிரேக் வண்டி என்றால், பிரேக் இருக்கும் பக்கத்தில் மட்கார்டு கம்பி இடிக்கும். அதற்கென்று வளைத்த கம்பி வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஃபோர்க்கில் கம்பி மாட்ட ஓட்டை இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

யாருக்கு எது?

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு: வண்டியோடு வந்த தகர மட்கார்டையே வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் பெயின்ட், நட்டு முறுக்கு, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், இவை போதும். துப்பட்டா, பாவாடை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் பக்கத்தில் வலை அல்லது டிரெஸ் கார்டு இருந்தால் கழற்றவே கழற்றாதீர்கள்.

நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு: கறுப்பு பாலிப்ரொப்பிலீன் அல்லது கலப்பு வகை. தகரம்தான் வேண்டும் என்றால் ஆண்டுதோறும் மழைக்கு முன் உள்பக்கத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கத் தயாராக இருங்கள்.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல் மண்ணில் ஓட்டுபவர்களுக்கு: இங்கே பொருளைவிட இடைவெளிதான் பெரிது. ஈரக் கரிசல் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். டயரிலிருந்து நன்றாக விலகி நிற்கும் பிளாஸ்டிக் வகை உதவும். நெருக்கமாகப் பொருத்திய முழு நீள வகை வயல்பாதைக்கு வேண்டாம்.

பால் கேன், காய்கறி மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கு: தகரம். அடிபட்டாலும் அன்றைக்கே தட்டி ஓட்ட முடியும். ஆனால் பாரம் கேரியரில்தான் இருக்க வேண்டும், மட்கார்டின் மேல் இறங்கக் கூடாது.

நகரத்தில் அலுவலகம் போகிறவர்களுக்கு: முழு நீளக் கலப்பு வகை அல்லது எவர்சில்வர். சீட்டுக்குக் கீழே செருகும் குட்டி பிளாஸ்டிக் தகடு சட்டையை ஓரளவு காப்பாற்றும். பேன்ட்டையும் செயினையும் காப்பாற்றாது.

வாரம் ஒருநாள் மட்டும் எம்.டி.பி. ஓட்டுகிறவர்களுக்கு: தேவைப்படும்போது மாட்டிக் கழற்றும் இரண்டு துண்டு பிளாஸ்டிக் போதும்.

குழந்தைகளின் 16, 20 அங்குல வண்டிகளுக்கு: ஓரம் கூர்மை இல்லாத பிளாஸ்டிக்.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியவை

எந்தப் பொருளின் ஆயுளையும் பாதியாக்குவது ஆட்டம்தான். நட்டு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்ப்ரிங் வாஷர் அல்லது நைலான் லாக் நட் போடச் சொல்லுங்கள். கம்பியின் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை வெட்டிவிட்டு ரப்பர் மூடி போடுங்கள். காலைக் கிழிப்பது பெரும்பாலும் அந்த முனைதான்.

ஓட்டும்போது 'கடகட' என்று சத்தம் கேட்டால் அதைப் பழகிக்கொள்ளாதீர்கள். ஏதோ ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றே முறுக்கினால் ஒரு நிமிட வேலை. விட்டுவிட்டால் அடுத்து விரிசல்.

மழையில் நனைந்து வந்த வண்டியின் மட்கார்டு உள்பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிச் சேற்றை இறக்கிவிடுங்கள். காய்ந்த பிறகு சுரண்டினால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் சைக்கிளைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தை வேகமாகச் சுற்றி, டயர் மீது கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். சீட்டு, செயின், பெடல் ஆகிய மூன்று இடங்களில் எங்கே ஈரம் படுகிறது என்று பாருங்கள். ஈரம் படும் பக்கத்தில் மட்கார்டை நகர்த்தியோ, ரப்பர் துண்டு சேர்த்தோ சரிசெய்யலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் வரும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு இதைச் செய்துவிடுங்கள்.